பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாமா? (2009 லோகன் டீசல்)

லோகன்கோவை | வெள்ளி, இரவு 9.20

வணக்கம். என்னுடையது 2009-ஆம் ஆண்டு மஹிந்திரா ரெனோ லோகன், 1.5 டீசல். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. வால்தான் ஆடுகிறது.

சென்ற வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். பின்னிருக்கையில் அம்மாவும் அத்தையும். டிக்கியில் இரண்டு பெட்டிகளும் ஓர் அரிசி மூட்டையும். பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்குள்ளேயே அத்தைக்கு வயிற்றைப் புரட்டியது. அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொரு வளைவும் முடிந்து ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும், வண்டியின் பின்பாதி தன் பாட்டுக்கு இன்னொரு முறை ஆடிவிட்டுத்தான் நின்றது. வேகத்தடை தாண்டினால் ஊஞ்சல்.

வீட்டுக்கு வந்து கீழே படுத்துப் பார்த்தேன். இடப்பக்க ஷாக் அப்சார்பரின் மேலே இருந்து கீழே வரை எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பி, வடைச் சட்டியின் அடிப்பாகம் போல இருக்கிறது. வலப்பக்கத்தில் லேசான ஈரம் மட்டும். மெக்கானிக் கடையில் கேட்டேன். கூலி மட்டும் 1,800 ரூபாய், அதுவும் அடுத்த வாரம்தான் முடியுமாம். "ஒரு நட்டு, ஒரு போல்ட், அவ்வளவுதானே மாப்பிள்ளை" என்கிறார் மச்சான். அவர் சொன்னதால்தான் பயமாக இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வேண்டுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.


ஞாயிறு மெக்கானிக் | வெள்ளி, இரவு 9.55

நண்பரே, உங்கள் வண்டி வீட்டில் செய்வதற்கு ஏற்ற வண்டி. லோகனில் பின்பக்கம் முறுக்கு உத்தரம் (டார்ஷன் பீம்), அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு இரும்பு. சுருள் ஸ்பிரிங் தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், ஷாக் அப்சார்பர் தனியாக வேறோரிடத்தில் நிற்கும். ஷாக்கைக் கழற்றும்போது ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். அமுக்கும் கருவிக்கும் வேலை இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்கவும்: சில கார்களில் பின்பக்கமும் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். அது வேறு கதை. அமுங்கிய ஸ்பிரிங்கின் மேல் நட்டைத் தெரியாமல் கழற்றினால் அது தோட்டா. உங்கள் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்து, ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இருந்தால் இந்த இழையை மூடிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஒன்று புதிது, ஒன்று பதினைந்து வயது என்றால் வளைவில் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். ஜோடியாகத்தான்.


பழைய பட்டறை | சனி, காலை 6.10

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மேடுபள்ளமான சாலையில் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தியவுடன் இரண்டு ஷாக்கின் உடம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். முதலில் விரல் நுனியால், சூடாக இருக்கலாம். வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாகவாவது இருக்கும். செத்த ஷாக் சில்லென்று இருக்கும். ஆட்டத்தை வாங்கிச் சூடாக மாற்றுவதுதான் அதன் வேலை. சூடே இல்லை என்றால் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். புகைபோக்கிக் குழாய் பக்கத்தில் ஓடினால் அந்தச் சூட்டில் ஏமாந்துவிடாதீர்கள்.

எல்லோரும் டிக்கியை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார்கள். முழுவதும் செத்ததை மட்டும்தான் அது காட்டும். பாதி செத்தது அந்தச் சோதனையில் தேறிவிடும்.

டயரையும் தடவிப் பாருங்கள். சுற்றிலும் மேடும் குழியுமாக, பணியாரக்கல்லைத் தடவினாற்போல இருந்தால் ஷாக் போய் நாளாகிவிட்டது. அந்த டயர் புது ஷாக் போட்டாலும் கொஞ்ச நாள் 'உம்' என்று இரைந்துகொண்டுதான் இருக்கும். பிறகு வந்து ஷாக் சரியில்லை என்று எழுதாதீர்கள்.

வலப்பக்க ஈரத்தைப் பற்றி: ஷாக்கின் தண்டு ஏறி இறங்கும்போது, எண்ணெயை அடைத்து நிற்கும் 'சீல்' வளையத்தை நனைக்க மெல்லிய படலமாக எண்ணெய் வருவது இயல்பு. அது வேர்வை. வழிந்தால்தான் கசிவு.


சந்தேகப்பிராணி | சனி, காலை 8.30

என் காரும் பின்னால் இரண்டு விரற்கடை தாழ்ந்துவிட்டது. நான்கு பேர் ஏறினால் சக்கர வளைவில் உரசுகிறது. ஷாக் மாற்றினால் ஏறிவிடும் என்று சொல்கிறார்கள். இவருடைய வண்டியோடு சேர்த்து எனக்கும் ஒரு ஜோடி வாங்கலாமா என்று பார்க்கிறேன்.


விசைமாணவி | சனி, காலை 8.52

வாங்காதீர்கள் ஐயா, பணம் வீண். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை, வேகத்தைத்தான் எதிர்க்கிறது. ஒரு பழைய ஷாக்கைக் கையில் எடுத்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள், சாதுவாக உள்ளே போகும். வேகமாக அமுக்குங்கள், முரண்டு பிடிக்கும். உள்ளே பிஸ்டனில் இருக்கும் சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்க வேண்டியிருப்பதால் வருகிற எதிர்ப்பு அது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் வேகம் இல்லை, ஆகவே அதற்கு வேலையும் இல்லை. வாயு நிரப்பிய ஷாக்கில் அந்த அழுத்தம் தண்டைச் சற்று வெளியே தள்ளும். அதனால் ஏறும் உயரம் மிகக் கொஞ்சம்.

உங்களுடையது தளர்ந்த ஸ்பிரிங், அல்லது சுருளின் கடைசி வளையம் உடைந்திருக்கும். கீழ்த் தட்டில் உடைந்த துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.


சந்தேகப்பிராணி | சனி, காலை 9.05

என்னிடம் சொன்னவர் முப்பது வருட அனுபவம் உள்ளவர். புத்தகத்தில் படித்ததை வைத்து அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியுமா?


பழைய பட்டறை | சனி, காலை 9.40

எனக்கும் முப்பது வருடம் ஆகிறது. அந்தப் பெண் சொல்வது சரி.


நாற்பது வளைவு | சனி, பகல் 12.15

நான் பொள்ளாச்சியில் டாக்சி ஓட்டுகிறேன், இந்த மலைப்பாதைதான் என் பிழைப்பு. புது ஷாக்குக்குப் பதில் பழையதையே வெட்டித் திறந்து, எண்ணெய் மாற்றி, மறுபடி வெல்டு அடித்துத் தருகிறார்கள். பாதி விலைகூட ஆகாது. நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன். லோகன்கோவை அண்ணா அதையும் யோசிக்கலாம்.


பழைய பட்டறை | சனி, பகல் 1.30

இரண்டு முறை ஏன் போட வேண்டி வந்தது என்று யோசித்தீர்களா தம்பி?

பழைய அம்பாசிடர்களில் நெம்புகோல் வகை ஷாக் இருந்தது. சட்டத்தில் பூட்டிய ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு கை. மேலே திருகு மூடி இருக்கும். திறந்து எண்ணெய் ஊற்றலாம், அதற்காகவே செய்தது. அந்தக் காலத்துப் பழக்கத்தில்தான் இந்தக் குழாய் வடிவ ஷாக்கையும் நிரப்பப் பார்க்கிறார்கள். இது நிரப்புவதற்காகச் செய்ததல்ல. எண்ணெய் ஏன் வெளியே வந்தது? சீல் போனதால். சீல் ஏன் போனது? தண்டின் குரோம் பூச்சு கீறியோ துருப்பிடித்தோ போனதால். அதே தண்டில் புதுச் சீல் எத்தனை நாள் நிற்கும்? போதாக்குறைக்கு உள்ளே இருந்த நைட்ரஜன் வெட்டும்போதே போய்விடும். வாயு அழுத்தம் இல்லாவிட்டால் வேகமாக ஏறி இறங்கும்போது எண்ணெய் நுரைக்கும். நுரையை அமுக்குவதும் காற்றை அமுக்குவதும் ஒன்றுதான். உங்கள் மலைப்பாதையில் முதல் பத்து வளைவு நன்றாக இருக்கும், முப்பதாவது வளைவில் கைவிட்டுவிடும்.

பட்டை ஸ்பிரிங் போட்ட சரக்கு வண்டிக்கு வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளலாம், அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். சுருள் ஸ்பிரிங்கில் அந்த உரசல் இல்லை. எல்லாம் ஷாக்தான்.


நாற்பது வளைவு | சனி, பகல் 1.48

முப்பதாவது வளைவு என்று நீங்கள் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. சரியாக அங்கேதான்.


லோகன்கோவை | சனி, மாலை 6.30

தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் வெதுவெதுப்பு. இடப்பக்கம் மண்பானை.

புது ஜோடி வாங்கிவிட்டேன். வாயு நிரப்பியது. கூடவே தண்டில் செருகும் ரப்பர் தடுப்பும் தூசி உறையும் வாங்கினேன், பழையதன் உறை ஏற்கெனவே கிழிந்து தொங்குகிறது. ஒரு ஷாக்கின் கட்டை அறுத்ததும் தண்டு தானாகவே மெதுவாக நீண்டு எழுந்தது. மகள் கைதட்டினாள்.

நாளை காலை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். எதை முதலில் கழற்றுவது?


ஞாயிறு மெக்கானிக் | சனி, இரவு 7.45

இன்றிரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கீழ் போல்டின் மரையிலும் மேல் நட்டிலும் கம்பித் தூரிகையால் மண்ணைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. இரவெல்லாம் ஊறினால் பாதி வேலை முடிந்தது.

புது ஷாக்கைப் படுக்கையில் வைத்திருந்தால், மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்து முறை முழுவதும் அமுக்கி விடுங்கள். கடையில் படுத்துக் கிடந்தபோது உள்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அது மேலே போய்விடும். முதல் இரண்டு முறை 'லொடக்' என்று வெற்றிடம் தெரியும், பிறகு ஒரே சீராக வரும். அதன் பிறகு மறுபடி படுக்க வைக்காதீர்கள்.

காலையில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே டிக்கியைத் திறந்து பக்கவாட்டு விரிப்பை விலக்குங்கள். லோகனில் மேல் நட்டு அங்கேதான் இருக்கிறது. ஷாக்கின் தண்டு வண்டி உடம்பின் தகட்டைத் துளைத்து மேலே வந்து, ரப்பர் புஷ் (அதிர்வை வாங்கும் ரப்பர் வளையம்), கிண்ண வாஷர், நட்டு என்று அடுக்காக நிற்கும். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எது மேலே எது கீழே என்று பிறகு குழம்பாது. நட்டை இளக்கிவிடுங்கள், முழுவதும் கழற்ற வேண்டாம். சக்கர நட்டுகளையும் இப்போதே இளக்கிவிடுங்கள்.

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். இரண்டாவது ஜாக்கியை ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே, உத்தரத்திலிருந்து சக்கரத்தைத் தாங்கும் கையின் அடியில் வைத்துச் சற்றே முட்டுக் கொடுங்கள். இதை மறந்தால்தான் வினை. சக்கரம் தொங்கும்போது உத்தரம் அதற்குமேல் இறங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக்தான். முட்டு இல்லாமல் கீழ் போல்டை உருவினால் உத்தரம் பொத்தென்று இறங்கும், பிரேக் ஓஸ் இழுபடும், ஸ்பிரிங் இடம் மாறிவிடும். அதே காரணத்துக்காக ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு அழுத ஆளை எனக்குத் தெரியும். அவர் இந்தப் பெயரில்தான் எழுதுகிறார்.

ஜாக்கியை ஒரு நூல் ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஓரிடத்தில் கீழ் போல்ட் பளுவில்லாமல் லேசாகச் சுழலும். அங்கே உருவுங்கள். மேல் நட்டைக் கழற்றினால் ஷாக் கைக்கு வந்துவிடும். புதியதை மேலே செருகும்போது டிக்கிக்குள் ஓர் ஆள் வேண்டும்.


உப்புக்காற்று | சனி, இரவு 8.20

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் துரு என்றால் என்னவென்று தெரியாது. இங்கே கடற்கரையை ஒட்டிய தெருவில் எட்டு வருடம் நின்ற கார். கீழ் போல்டின் நட்டு அழகாகக் கழன்றது. போல்ட் மட்டும் அசையவில்லை. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு துருவில் ஒட்டிப்போய்விட்டது. ஸ்பானரைத் திருப்பினால் போல்ட், குழல் எல்லாம் ஒன்றாகச் சுற்ற, ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்பிவந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டும் பயனில்லை. கடைசியில் இரம்பத் தகடு கொண்டு புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் போல்டை அறுத்து எடுத்தேன். புது போல்ட் வாங்கும்போது அதே கனம், அதே நீளம், தலையில் பொறித்திருக்கும் அதே பலக் குறியீடு. சாதாரண இரும்புக் கடை போல்ட் வேண்டாம்.

தீ வைத்துச் சூடாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அங்கே பக்கத்தில் பிரேக் ஓஸ் இருக்கிறது, டீசல் தொட்டியும் தூரமில்லை. வேண்டாம்.

புது போல்டின் நடுத்தண்டில் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டுங்கள், மரையில் வேண்டாம். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்கும்.


பழைய பட்டறை | சனி, இரவு 9.00

ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பின்பக்கத்தைத் தூக்கினால் கைப்பிரேக் பயன்படாது. கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான், அவை அந்தரத்தில் இருக்கின்றன. வண்டி உருண்டால் முன்சக்கரத்தில்தான் உருளும். முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள்.

வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பிக் கீழே கையைக்கூட நீட்டக்கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது சுவருக்கான கல். சுவரில் பளு பரவலாக இறங்கும். இங்கே ஒரு முனையில் நூற்றுக்கணக்கான கிலோ இறங்கும். விரிசல் கூடத் தெரியாது, ஒரே நொடியில் மாவாகிவிடும். செங்கல்லும் அப்படித்தான்.

கழற்றிய சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அது இருக்கும்.

தனியாகச் செய்யாதீர்கள். மச்சானைக் கூப்பிடுங்கள்.


விசைமாணவி | சனி, இரவு 9.35

அந்தச் சென்டிமீட்டர் அளவு எதற்கு என்று ஞாயிறு மெக்கானிக் சொல்லாமல் விட்டுவிட்டார், நான் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் அதிகம் பேர் தவறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கீழ் முனையில் இருக்கும் புஷ்ஷில் ரப்பர் உள்குழலோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியிருக்கும். போல்டை இறுக்கியதும் உள்குழல் இறுகப் பிடிபட்டுவிடும், பிறகு அது சுற்றாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு ஈடுகொடுக்கும். இப்போது சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் என்ன ஆகும்? ரப்பரைப் பொறுத்தவரை தொங்குவதே இயல்பு நிலை. வண்டியைத் தரையில் இறக்கிய அந்தக் கணமே அது முறுக்கேறி நிற்கும். வண்டி நிறுத்தத்தில் நிற்கும் எட்டு மணி நேரமும் முறுக்கிலேயே நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் அதற்குமேல் முறுக்கும். சில மாதங்களில் ரப்பர் கிழிந்து 'டக் டக்' என்று கேட்கும். ஷாக் மட்டமான சரக்கு என்று திட்டுவோம்.

ஆகவே தூக்கிய நிலையில் கீழ் போல்டைக் கையால் திருகி விடுவதோடு சரி. சக்கரத்தை மாட்டி, வண்டியின் பளு சக்கரத்தில் இறங்கி, நீங்கள் எழுதிவைத்த அளவு திரும்ப வந்த பிறகே இறுதி இறுக்கம்.


ஞாயிறு மெக்கானிக் | சனி, இரவு 9.50

அதே. பரபரப்பான கடைகளில் வண்டி லிப்டில் தொங்கும்போதே காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று இறுக்கி இறக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, வாசலில் நான்கு வண்டி நிற்கிறது. நமக்குத்தான் ஒரே வண்டி, ஒரு ஞாயிறு முழுவதும் இருக்கிறது. வீட்டில் செய்வதன் லாபமே அந்த 1,800 ரூபாய் அல்ல, இந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான்.


லோகன்கோவை | ஞாயிறு, காலை 8.50

அவசரம். டிக்கிக்குள் தலையை விட்டபடி கைப்பேசியில் எழுதுகிறேன். மேல் நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. மச்சான் கீழிருந்து தண்டைக் கொறடால் இறுக்கிப் பிடிக்கலாம் என்கிறார்.


பழைய பட்டறை | ஞாயிறு, காலை 8.56

பழைய ஷாக்தானே, பிடிக்கட்டும். எப்படியும் குப்பை. ஆனால் அதற்கு முன் தண்டின் உச்சியைத் துடைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும். அதில் சிறிய ஸ்பானரைப் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பானரால் நட்டைத் திருப்புங்கள்.

புதியதில் தண்டைக் கொறடு தொடவே கூடாது. தலைமுடி அளவு கீறல் போதும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை அது அறுக்கும்.


லோகன்கோவை | ஞாயிறு, காலை 9.20

கழன்றது. தட்டை இருந்தது, பதினைந்து வருட அழுக்குக்கு அடியில். நன்றி ஐயா.


லோகன்கோவை | ஞாயிறு, மாலை 5.10

முடிந்தது. இடப்பக்கத்துக்கு மூன்றே கால் மணி நேரம். வலப்பக்கத்துக்கு ஐம்பது நிமிடம்.

கழற்றிய இடப்பக்க ஷாக்கை நிமிர்த்தி வைத்துத் தண்டை ஒரு விரலால் அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது, போன இடத்திலேயே நின்றது. பிச்சைப் பாத்திரத்தில் காசு விழுந்தது போல உள்ளே ஏதோ 'கிளிங்' என்றது. மச்சான் அதை வாங்கி நான்கு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டா என் அக்காவை வால்பாறைக்குக் கூட்டிப்போனீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ரப்பர் தடுப்பு இருந்த இடத்தில் கறுப்புத் தூள்தான் இருந்தது, தொட்டதும் வெல்லம் போல உதிர்ந்தது. மூட்டையோடு போனபோது கேட்ட இடி சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

கஷ்டமாக இருந்தது புதியதை மாட்டியதுதான். வாயு அழுத்தத்தில் தண்டு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. கீழ்த் துளை போல்டுக்கு நேராக வரவில்லை. ஜாக்கியை ஏற்றினால் அரை விரல் மேலே, இறக்கினால் அரை விரல் கீழே. சுத்தியலால் போல்டைத் தட்டலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது, மரை போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஒரு நீண்ட திருப்புளியைத் துளையில் விட்டு நெம்பிக்கொண்டே, மச்சான் ஜாக்கியைக் கால் சுற்று ஏற்ற, 'சட்' என்று போல்ட் விரலாலேயே உள்ளே போனது.

இறுதி இறுக்கத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சக்கரத்தை மாட்டியதும், இறக்கும் முன் சக்கரங்களுக்குக் கீழே தடித்த பலகைகளை வைத்துவிட்டேன். வண்டி பலகைமேல் இறங்கியதும் கீழே கை நீட்ட இடம் கிடைத்தது. டிக்கியை அமுக்கி அமுக்கி விட்டு அளந்தேன், காலையில் எழுதியதற்கு அரை சென்டிமீட்டர் கூட. போதும் என்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டேன். இறுக்கும் அளவை வண்டியின் பணிமனைக் கையேட்டிலிருந்து எடுத்தேன். மேல் நட்டுக்கு உள்ள அளவு கீழ் போல்டைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்துத் திகைத்துப் போனேன். கையில் உள்ள பலத்தையெல்லாம் மேலே காட்டியிருந்தால் புஷ் அப்பளமாகியிருக்கும்.

பழைய ஷாக் இரண்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போடலாமா?


பழைய பட்டறை | ஞாயிறு, மாலை 6.00

போடலாம், ஆனால் வாயு ஷாக் என்றால் அதை அவரிடம் சொல்லுங்கள். உள்ளே அழுத்தமும் எண்ணெயும் இருக்கிறது, கேஸ் கட்டரை வைத்தால் வெடிக்கும். சொல்லாமல் போடாதீர்கள்.


லோகன்கோவை | புதன், இரவு 8.15

மகிழ்ச்சியாக எழுத வந்தேன், பாதிதான் மகிழ்ச்சி. வண்டி வேறு வண்டியாகிவிட்டது. வேகத்தடையில் ஒரு முறை எழுந்து, ஒரு முறை அடங்கி, நின்றுவிடுகிறது. ஆனால் மெதுவாகப் போகும்போது, இடப்பக்கப் பின்சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கி ஏறினால் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். வேகமாகப் போனால் இல்லை. வலப்பக்கம் சுத்தம்.


சந்தேகப்பிராணி | புதன், இரவு 8.40

ஷாக் சரக்கே குறைபாடாக இருக்கும். கடையில் கொடுத்து மாற்றுங்கள். என் வண்டி விஷயத்தில் ஸ்பிரிங்தான், கடைசி வளையம் உடைந்து தட்டில் கிடந்தது. விசைமாணவிக்கு நன்றி.


விசைமாணவி | புதன், இரவு 9.02

மகிழ்ச்சி ஐயா. ஜோடியாக மாற்றுங்கள்.

லோகன்கோவை, கீழ் போல்டின் இறுக்கத்தை மறுபடி சோதித்தீர்களா? ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கி கைப்பிடி தளர்வாகக் கிடக்கிறதா?


லோகன்கோவை | புதன், இரவு 9.30

இரண்டும் பார்த்தாயிற்று. டிக்கியை முழுக்கக் காலி செய்து ஓட்டினேன். சத்தம் அப்படியே.


பழைய பட்டறை | வியாழன், காலை 6.05

மெதுவாகப் போகும்போது மட்டும், ஒரே ஒரு 'டொக்' என்றால் மேல் முனை. கிண்ண வாஷரை எப்படிப் போட்டீர்கள்?


லோகன்கோவை | வியாழன், காலை 7.10

கழற்றும் முன் எடுத்த போட்டோவைப் பார்த்து அப்படியே அச்சுப் பிசகாமல் போட்டேன் ஐயா. கிண்ணத்தின் வாய் மேல்நோக்கி.


பழைய பட்டறை | வியாழன், காலை 7.18

வலப்பக்கம்?


லோகன்கோவை | வியாழன், இரவு 8.50

ஐயா, காலையில் உங்கள் ஒரு சொல் கேள்வியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. வந்ததும் வலப்பக்க விரிப்பை விலக்கினேன். அங்கே கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி, ரப்பர் புஷ்ஷின் தலையைத் தொப்பி போலக் கவ்விக்கொண்டு இருக்கிறது. இடப்பக்கம் கிண்ணம் தலைகீழ். அதன் முதுகு ரப்பரின் நடுவில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தைப் பிடிக்கவில்லை. தண்டு சாயும்போது புஷ் நழுவித் தகட்டில் தட்டுகிறது.

அதாவது எனக்கு முன் யாரோ ஒருவர் இடப்பக்கத்தைக் கழற்றியிருக்கிறார். அவர் தலைகீழாகப் போட்டதை நான் போட்டோ எடுத்து, பார்த்துப் பார்த்து, அதே தலைகீழாகப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் மட்டும் முதலில் செத்ததற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

ஜாக்கி தேவைப்படவில்லை. வண்டி தரையில் நிற்கும்போதே தண்டின் தட்டையில் சிறு ஸ்பானர், நட்டைக் கழற்றி, கிண்ணத்தைத் திருப்பிப் போட்டு, அளவாக இறுக்கினேன். பதினைந்து நிமிடம். தெருமுனைப் பள்ளத்தில் ஆறு முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். சத்தம் இல்லை.


ஞாயிறு மெக்கானிக் | வியாழன், இரவு 9.15

போட்டோ எடுக்கச் சொன்னவன் நான்தான். இனிமேல் இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்கிறேன்.


நாற்பது வளைவு | வெள்ளி, காலை 5.30

இதைப் படித்துவிட்டு இப்போதுதான் கைவிளக்கோடு என் டிக்கியைத் திறந்து பார்த்தேன். என் வண்டியில் இரண்டு பக்கமும் தலைகீழ். ஏழு மணிக்குச் சவாரி இருக்கிறது. சிறிய ஸ்பானர் என்ன அளவு, லோகன்கோவை அண்ணா?


லோகன்கோவை | வெள்ளி, காலை 5.52

உங்கள் வண்டி வேறு, அளவும் வேறாக இருக்கும். உச்சியைத் துடைத்துவிட்டு வைத்துப் பாருங்கள். ஆடாமல் பிடிக்கிறதுதான் அளவு.